மாம்பலத்து வண்டிக்கு ஒரு ஹீட்டர்

தியாகராய நகரில் குடியிருக்கும் ஒருவர் தம் வண்டிக்கு ஹீட்டர் தேடுகிறார் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி விடியற்காலையில்கூட இருபது பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊர் இது. பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் விற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றை வாங்குவோர் மலையூர்களுக்குப் போகிறவர்கள், அல்லது பிள்ளையைப் பார்க்க அயல்நாடு புறப்படும் பெற்றோர்கள். எங்கள் துறையின் சக ஆசிரியர் ஒருவர் செய்தியைக் கேட்டதும், "பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், நீங்கள் மாம்பலத்து வண்டிக்குக் கணப்பு கொடுக்கிறீர்களா?" என்றார். தமிழாசிரியர்கள் நடுவே ஒரு வண்டி பழுதானால் இப்படித்தான் ஆகும்.

எனினும் வண்டி உண்மை, பழுது உண்மை, தேவையும் உண்மை. எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவர் வீட்டில், பனகல் பூங்காவுக்குச் சற்றுத் தள்ளிய உட்தெரு ஒன்றில், 1951ஆம் ஆண்டின் ஆஸ்டின் ஏ40 பிக்கப் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் நிற்கிறது. ஏ40 என்ற பெயர் சென்னைக்கு அந்நியமன்று. 1948இல் இங்கே தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் உதிரிகளை இணைத்து வெளியிட்ட கார் அந்த ஏ40தான். 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. லாரியும் பேருந்துமே அதன் அடையாளமாயின. கார் கட்டிய கதையை ஊர் மறந்துவிட்டது. நண்பரின் தாத்தா நீலகிரித் தைல வியாபாரி. குன்னூரிலிருந்து தைல டின்களை மேட்டுப்பாளையம் வரை இறக்கிக் கொண்டுவர இந்த வண்டியை வைத்திருந்தார். மலையில் ஓட்டும்போது கை விறைக்கிறதென்று, வாங்கிய சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஹீட்டரைப் பொருத்திக்கொண்டார். டேஷ்போர்டுக்குக் கீழே, பக்கத்து இருக்கைக்கு நேராகத் தொங்கும் வட்டமான இரும்புப் பெட்டி அது. முன்புறம் இரண்டு சிறு கதவுகள். திறந்தால் காலுக்குச் சூடு வரும். சென்ற முறை மலையேறியபோது அதன் உள்ளிருந்த கோர் இற்றுப்போய் வெந்நீர் ஒழுகத் தொடங்கியது. குழாய்களை எஞ்சின் பக்கத்திலேயே அடைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இப்போது நண்பரின் தாயார், எண்பத்து மூன்று வயதானவர், குன்னூரில் பிறந்தவர், வருகிற தை மாதத்தில் ஒருமுறை அந்த வண்டியிலேயே மேலே போய்வர வேண்டும் என்கிறார். குளிரில் அவருக்குக் கால் மரத்துப்போகும். ஆகவே ஹீட்டர் வேண்டும். எந்த ஹீட்டர் என்பதில்தான் வீடு இரண்டுபட்டு, பின்பு நாங்களும் உள்ளே இழுக்கப்பட்டோம். பொறியியல் படித்த பேரன் இணையத்தில் பார்த்த புது ஹீட்டரை வாங்கிப் பழையதைக் கழற்றிவிடலாம் என்கிறான். பாட்டி சொன்னது வேறு: "அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுடாதேடா. மாமா அதுல கையச் சூடு காட்டிட்டுத்தான் ஸ்டியரிங்கப் பிடிப்பார்." மாமா என்றது மாமனாரை.

எங்கள் கருத்தைச் சொல்லுமுன் பொருளைச் சற்று விளக்கிவிடுகிறோம். வண்டி ஹீட்டர் என்பது தனியே நெருப்பு மூட்டும் கருவி அன்று. எஞ்சின் வீணாக்கும் சூட்டில் ஒரு பங்கை நமக்குத் திருப்பித் தருவது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் வெந்நீரில் ஒரு பகுதி ரப்பர் குழாய் வழியே இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டருக்கு வருகிறது. அதைத்தான் கோர் என்கிறார்கள். சின்ன விசிறி ஒன்று அதன் மேல் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான். வண்டி ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் 1893இல் காப்புரிமை பெற்ற மார்கரெட் வில்காக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டில் அங்கே 'கார்' என்றால் முதலில் ரயில் பெட்டிதான். அவருடைய காப்புரிமையும் ரயில் பெட்டிக்கான கணப்புக்கே. சொல் பொருள் மாறியதை அறியாமல் வரலாறு எழுதினால் என்ன நேரும் என்பதற்கு வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம் இது. நம் மொழியில் கார் என்றால் மழைக்காலம் என்பது வேறு கதை. மோட்டார் வண்டிகளில் வெந்நீர் ஹீட்டர் 1930களில்தான் பரவலாயிற்று. வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்கித் தரும் முறையை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் கொண்டுவந்தது. ஆங்கிலேய வண்டிகளிலோ 1950களிலும் ஹீட்டர் பெரும்பாலும் தனி விலை கொடுத்து வாங்கும் கூடுதல் பொருளாகவே இருந்தது.

முதலில் வைக்கப்பட்ட யோசனை ஹீட்டரே வேண்டாம் என்பது. கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதாதா? பயணிக்குப் போதும், கண்ணாடிக்குப் போதாது. குன்னூர் மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் மாலை மூடுபனியில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாதி மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. இருவர் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து பால்போல் வெளுத்துவிடும். துணியால் துடைத்தபடியே வளைவைத் திருப்புவது எங்களுக்கு உடன்பாடில்லாத வீரம். சூடான உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டால் அந்த ஈரம் தானே விலகும். ஆகவே ஹீட்டர் என்பது மலையில் காலுக்கான சுகம் மட்டும் அன்று, கண்ணுக்கான பாதுகாப்பும் ஆகும். இந்த ஒரு காரணமே போதும். பாட்டியின் கால் இரண்டாவது காரணம் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அடுத்தது, பன்னிரண்டு வோல்ட்டில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மின் ஹீட்டர். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கணக்கு ஒன்றே போதும். 150 வாட் ஹீட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் தருவதே இருபது ஆம்பியரை ஒட்டித்தான். மலையில் முன்விளக்கும் வைப்பரும் ஓடிக்கொண்டிருக்க இதையும் செருகினால் பேட்டரி மெல்ல மெல்ல வடியும். இத்தனைக்கும் கிடைக்கும் 150 வாட் சூடு, தலைமுடி உலர்த்தும் கருவி தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெந்நீர் ஹீட்டரோ சிறியதானாலும் இரண்டு, மூன்று கிலோவாட் சூட்டை ஒரு பைசாச் செலவின்றித் தருகிறது.

மூன்றாவதாக ஒருவர், டீசலை எரித்துச் சூடு தரும் சிறு ஹீட்டர்களைப் பரிந்துரைத்தார். குளிர்நாட்டு லாரி ஓட்டுநர்கள் இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு உறங்கப் பயன்படுத்துவது. இப்போது மலிவுப் பதிப்புகள் வந்துவிட்டன. ஒழுங்காகப் பொருத்தி, புகைக்குழாயை வெளியே விட்டால் நல்ல கருவிதான். ஆனால் எழுபதாண்டுப் பழைய வண்டியின் தரையில் எத்தனை ஓட்டைகள் என்று யார் எண்ணியது? கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. மலையூர்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழவில்லை என்ற செய்தியைக் குளிர்காலந்தோறும் வாசிக்கிறோம். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்கால மாளிகையிலும் கதவுகளைத் தாழிட்டுவிட்டு, குளிர்நீர்க் கலத்தைத் தொடாமல், வாய் அகன்ற 'தடவு' என்னும் கணப்புச் சட்டியில் நெருப்புக் காய்கிறார்கள். அம்மாளிகைக் கதவுகளில் நல்ல இடுக்குகள் இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு எப்போதும் தோன்றும். போகட்டும், 'தடவு' ஹீட்டருக்கு அழகான பெயர். புதுப்பேட்டையில் போய்த் தடவு இருக்கிறதா என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் வரவில்லை.

ஆக மிஞ்சுவது வெந்நீர் ஹீட்டர். அதில் மூன்று வழிகள். இங்கிலாந்திலிருந்து அந்தக் காலத்துப் பெட்டியையே வரவழைப்பது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் புது ஹீட்டரை வாங்குவது. இருக்கும் பெட்டியிலேயே புதுக் கோர் கட்டுவது.

முதல் வழியைச் சொன்னவர்கள் பழைய வண்டிச் சேகரிப்பாளர்கள். சுமித்ஸ் நிறுவனம் அக்காலத்தில் செய்த ஹீட்டர்கள் பயன்படுத்தப்படாத நிலையில் பெட்டியோடு இன்னும் அங்கே விலைக்கு வருகின்றன. அதை வாங்கி மாட்டினால் வண்டி கண்காட்சியில் நிற்கும்போது ஒருவரும் குறை சொல்ல முடியாது. அந்த ஆசையை நாங்கள் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் எழுபதாண்டு அட்டைப் பெட்டிக்குள் உறங்கிய கோர் வெந்நீரைக் கண்டதே இல்லை. அதன் பற்றுகள் தாங்குமா என்பது மலையில்தான் தெரியும். அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பொருளின் விலையை மிஞ்சிவிடும். இவை இரண்டாம் தரக் காரணங்கள். முதல் காரணம், அது இந்த வண்டியின் ஹீட்டர் அன்று என்பதே.

இந்த இடத்தில் எங்கள் தொழில் குறுக்கே வருகிறது. வாசகர்கள் பொறுக்க வேண்டும். பழைய நூலைப் பதிப்பிப்பவரும் பழைய வண்டியைப் பழுதுபார்ப்பவரும் ஒரே கேள்வியின் முன் நிற்கிறார்கள்: அழிந்துபோன இடத்தில் எதை வைப்பது? ஏடு சிதைந்த இடத்தில் தம் புலமையால் ஒரு சொல்லை ஆக்கி இட்டு நிரப்பும் திறன் உ.வே.சாமிநாதையருக்கு இல்லாமலில்லை. அவர் சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே அச்சில் காட்டினார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே இன்றுவரை இருக்கின்றன. சேகரிப்பாளர் செய்ய நினைப்பது வேறோர் ஊர் ஏட்டிலிருந்து பொருந்தும் ஒரு பாடலை எடுத்து இங்கே வைப்பது. பாடல் பழையதுதான், இடம் அதனுடையதன்று.

இதற்கு நண்பரின் மகன் கேட்ட மறுகேள்வி கூர்மையானது. "மூலபாடம் மூலபாடம்னு சொல்றீங்களே மாமா, இந்த ஹீட்டரே வண்டியோட வரலையே? கொள்ளுத்தாத்தா பிறகு வாங்கி மாட்டினதுதானே? அப்ப இதுவே இடைச்செருகல் இல்லையா?" தமிழ் படிக்காத பிள்ளைக்கு இடைச்செருகல் என்ற சொல் எப்படித் தெரிந்தது என்ற மகிழ்ச்சியில் நாங்கள் சற்று நேரம் விடை சொல்லவில்லை. விடை இருக்கிறது. நூலின் வரலாற்றில் உரைக்கு ஓர் இடம் உண்டு. நச்சினார்க்கினியரைத் தவிர்த்துவிட்டு இன்று பத்துப்பாட்டைப் படித்துவிட முடியுமா? அவர் நூலாசிரியர் அல்லர். ஆயினும் நூல் நம் கைக்கு வந்த வழியில் நிற்கிறார். தாத்தாவின் ஹீட்டர் அத்தகையது. வண்டி தொழிற்சாலையில் முடிந்துபோன பொருள் அன்று. நீலகிரிச் சாலைகளில் அது மறுபடி எழுதப்பட்டது. அந்த எழுத்தைக் காப்பதுதான் எங்கள் கட்சி.

இனி, இணையத்தில் விற்கும் புது ஹீட்டர். நேர்மையாகச் சொன்னால் இது மோசமான பொருள் அன்று. பழையதைவிட அதிகச் சூடு தரும். விசிறி சத்தமில்லாமல் ஓடும். கண்ணாடிக்குக் காற்றுக்குழாய் செருக வாய்களும் உண்டு. பழைய பெட்டி இல்லாத வண்டிக்கு, அல்லது பெட்டியே துருப்பிடித்து உதிர்ந்துவிட்ட வண்டிக்கு, இதைத்தான் வாங்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வோம். பழைய ஜீப்போ அம்பாசடரோ வைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இதை இருக்கைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. வாங்குமுன் சில விவரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயின் வாய் அரை அங்குலமா, ஐந்தெட்டு அங்குலமா என்பது ஒன்று. அளவு பொருந்தாமல் கிளிப்பை இறுக்கி ஒப்பேற்றினால் இறக்கத்தில் பிடுங்கிக்கொள்ளும். கோர் அலுமினியமா, செம்பு பித்தளையா என்பது மற்றொன்று. அலுமினியம் பொத்துப்போனால் நம் தெருக்கோடி ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்ற முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். இரும்பும் செம்பும் உள்ள பழைய நீர்ச்சுற்றில் அலுமினியத்தை நுழைத்துவிட்டு, அரிப்பைத் தடுக்கும் கூலண்ட் இல்லாமல் தியாகராய நகரின் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அந்த நாளும் விரைவில் வரும்.

புது ஹீட்டரில் இன்னொரு நுட்பம் உண்டு, கடைக்காரர் சொல்லமாட்டார். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில், இந்த ஏ40யிலும், பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் எதிர்முனை. நிலைக்காந்தம் வைத்த புது விசிறி மோட்டாரைச் சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி என்று நிறம் பார்த்து மாட்டினால் அது பின்னோக்கிச் சுழலும். காற்று வரும், ஆனால் அரைகுறையாக. கம்பிகளை மாற்றி மாட்டி, மோட்டாரின் உடல் வண்டியின் இரும்பில் படாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும். காயில் சுற்றிய பழைய மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. முனை மாறினாலும் அது ஒரே திசையில்தான் சுழலும்.

எங்கள் பரிந்துரையாகிய மூன்றாம் வழி புதுப்பேட்டைக்குப் போகிறது. கூவத்தை ஒட்டிய அந்தப் பழைய உதிரிபாகச் சந்தையைத் திருட்டு வண்டியோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டார்கள்; அது நியாயமன்று. அங்கே கைத்தொழில் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். பெட்டியைக் கழற்றி எடுத்துப்போனோம். முதிய ரேடியேட்டர்க்காரர் ஒருவர் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், விரல் நகத்தால் உள்ளே சுரண்டினார். "டப்பா கெட்டியா இருக்கு சார். கோர்தான் போச்சு. வேற வண்டி கோர அறுத்து இதுக்கு அளவா கட்டிரலாம்" என்றார். "தாங்குமா பாய்?" என்று கேட்டோம். "தொட்டில போட்டுக் காத்தடிச்சுக் காட்றேன், குமிழி வந்தா காசு தராதீங்க" என்றார். செம்பு பித்தளைக் கோரை அளவுக்கு வெட்டி, மேல்தொட்டி கீழ்த்தொட்டி வைத்து, ஈயத்தால் பற்றி, நீரில் அமிழ்த்திக் காற்றழுத்திச் சோதிக்கும் அந்த வேலை இன்னும் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பது ஐயமே. புதிய வண்டிகளின் ரேடியேட்டரெல்லாம் அலுமினியமும் பிளாஸ்டிக்கும்; பொத்தால் மாற்றுவார்கள், பற்ற மாட்டார்கள். வேலை வராத கைக்கு மாணவன் எங்கிருந்து வருவான்? நாங்கள் சந்தித்த கடையில் இளைஞர் ஒருவரும் இல்லை. பழைய பெட்டிக்குப் புதுக் கோர் கட்டச் சொல்வது நம் வண்டியை மட்டும் காப்பதன்று. அந்தக் கைக்கு இன்னும் ஒரு நாள் வேலை தருவதும் ஆகும். இந்தக் காரணத்தைப் பேரன் ஏற்கவில்லை. "ஒரு ஹீட்டரால ஒரு தொழில் பொழைக்குமா?" என்கிறான். பிழைக்காதுதான். அதற்காகக் கொடுக்கவேண்டிய வேலையைக் கொடுக்காமல் இருப்பானேன்?

விசிறி மோட்டாரையும் கழற்றி, காயில் கட்டும் கடையில் கொடுத்தாயிற்று. பெட்டியின் பின்புறத்தைத் துலக்கியபோது ஒன்று தெரியவந்தது: வட்டமான இரண்டு வாய்களை யாரோ தகரம் வைத்து ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். அவை கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோகும் வாய்கள்! தாத்தாவோ அவருடைய மெக்கானிக்கோ, எல்லாச் சூடும் காலுக்கே வரட்டும் என்று அடைத்திருக்க வேண்டும். ஏட்டில் மை தீட்டி மறைத்த வரியைக் கண்டதுபோல் இருந்தது. அவற்றைத் திறந்து, இரண்டு குழாய் செருகி, கண்ணாடியின் அடிவிளிம்புக்கு விடச் சொன்னோம். அடைத்ததும் தாத்தாவின் எழுத்துதானே, அதை மட்டும் அழிக்கலாமா என்று பேரன் கேட்டான். கொண்டை ஊசி வளைவில் உரைகாரருக்கு மரியாதை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம். இத்தகைய பெட்டி வண்டிக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்குவது என்பதால் ஈரம் உள்ளேயே சுற்றும். ஒரு பக்கக் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைத்துக்கொள்வது இதற்கு மருந்து. பெட்டியைக் கழற்றுகிறவர்களுக்கு இன்னொரு சொல்: தீச்சுவரில் ஒட்டியிருக்கும் பழைய சாம்பல்நிற அட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். நனைத்து விட்டுத் தொடுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

எந்த ஹீட்டரைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சமவெளி மெக்கானிக்குகளிடம் ஒரு நெடுநாள் வழக்கம்: பழைய எஞ்சின் சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் நீர் எண்பது பாகையை நெருங்கும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் சிறு வால்வு அது. அது இல்லாத எஞ்சின் சென்னையில் எப்படியோ ஓடிவிடும். மலைக்குளிரில் நீர் சூடேறவே சூடேறாது. எத்தனை நல்ல ஹீட்டரை மாட்டினாலும் வெதுவெதுப்புத்தான் வரும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். இந்த வண்டியிலும் தெர்மோஸ்டாட் இல்லை என்பதைத் திறந்து பார்த்த பிறகே அறிந்தோம். ஹீட்டர் சரியில்லை என்று வேறொன்றை வாங்கும் பலருக்கு வேண்டியது இந்த வால்வாகத்தான் இருக்கும்.

ஹீட்டரின் இன்னொரு பயனை மாம்பலத்தார் அறிந்துகொள்வது நல்லது. அது இரண்டாவது ரேடியேட்டர். சித்திரை வெயிலில் உஸ்மான் சாலை நெரிசலில் எஞ்சின் முள் சிவப்பை நோக்கி ஏறும்போது ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டால், உள்ளே இருப்பவர் வெந்தாலும் எஞ்சின் தப்பிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதும் இப்படித்தான். சுமார் 325 மீட்டரில் தொடங்கி உதகையின் 2,240 மீட்டருக்கு வண்டி மூச்சுமுட்ட ஏறுகிறது; அந்த உயரத்தில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும்; அழுத்தம் தாங்காத பழைய ரேடியேட்டருக்கு அந்த ஏழு பாகை பெரிய இழப்பு. ஏறும்போது எஞ்சினைக் குளிர்விக்கவும் ஏறியபின் காலைச் சூடாக்கவும் ஒரே பெட்டி.

சட்டத்தைப் பற்றியும் ஒருவர் அஞ்சினார். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவு தருகின்றன. அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. ஹீட்டரைப் பற்றி அவ்விதி ஒன்றும் பேசவில்லை.

கோர் அடுத்த வாரம் வருகிறது. குழாயை இந்தமுறை எஞ்சின் பக்கம் ஒரு பித்தளைக் குழாய்த்திறப்போடு வைக்கச் சொல்லியிருக்கிறோம். மறுபடி ஒழுகினால் வழியிலேயே மூடிக்கொள்ளலாம். பெட்டிக்குக் கறுப்பு வண்ணம் அடிப்பதா, துருவை மட்டும் நீக்கி அப்படியே விடுவதா என்பதில் பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. பாட்டிதான் கறுப்பு அடிக்கச் சொல்கிறார்.